யாரைக் கேட்டோம், யாரை விட்டோம்: பதின்ம வயதினரும் கருத்தடையும்

எங்கள் ஊர்களில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனால் அந்தச் செய்தி ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மண்டபம் எடுத்து, பனர் அடித்து, வெளிநாட்டிலிருந்து மாமன்மாரை வரவழைத்து, ட்ரோன் கமராவுடன் சாமத்திய வீடு நடக்கும். அல்பத்தில் இருநூறு படம் இருக்கும். ஆனால் தன் உடம்பில் என்ன நடந்திருக்கிறது, இனி அந்த உடம்பால் என்ன ஆகும் என்பதை அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து சொன்னவர்கள் எத்தனை பேர்? "இனிக் கவனமா இருக்க வேணும்" என்பதோடு பெரும்பாலான வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. எதிலிருந்து கவனம் என்று திருப்பிக் கேட்கும் துணிவு பன்னிரண்டு வயதில் யாருக்கும் இருப்பதில்லை.

பாடசாலையும் பெரிதாக உதவியதில்லை. சாதாரண தர விஞ்ஞானத்தில் மனித இனப்பெருக்கம் பற்றிய அலகு வந்தபோது, "இதை வீட்டில வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு எங்கள் ஆசிரியர் அடுத்த அலகுக்குப் போனார். வேறெந்த அலகையும் விடக் கவனமாக அதை நாங்கள் வாசித்தோம் என்பது வேறு விடயம். ஆனால் அதில் உறுப்புகளின் பெயர்களும் குறுக்குவெட்டுப் படங்களும்தான் இருந்தன. ஒருவர் விருப்பமில்லை என்றால் என்ன செய்வது, கர்ப்பம் தரிக்காமல் இருக்க என்ன வழி, நோய் தொற்றினால் யாரிடம் போவது என்பவை அதில் இருக்கவில்லை.

இந்த மௌனம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. உலகின் பல நாடுகள் இதே மௌனத்தோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. சில அதை உடைத்தன. சில அதைச் சட்டமாகவே எழுதி வைத்தன. இரண்டுக்கும் விளைவுகள் உண்டு. அவை பல பத்தாண்டுகளாக எண்களாகப் பதியப்பட்டும் வருகின்றன.

ஓர் எண்ணும் அதன் ஓட்டைகளும்

10 முதல் 19 வயது வரையானோரைக் கட்டிளமைப் பருவத்தினர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுக்கிறது. நாடுகளை ஒப்பிட வழமையாக எடுக்கப்படுவது, 15 முதல் 19 வயது வரையான 1000 பெண்களுக்கு ஓராண்டில் எத்தனை பிள்ளைகள் பிறக்கின்றன என்ற வீதம். உலக அளவில் 2000ஆம் ஆண்டில் 64 அளவில் இருந்த இந்த வீதம், 2023இல் 41 அளவுக்கு இறங்கியிருக்கிறது. இது சிறிய மாற்றமல்ல. ஆனாலும் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் அது இன்னும் நூறை ஒட்டியே நிற்கிறது.

குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் இந்த வயதுப் பெண்கள் ஓராண்டில் சுமார் 2 கோடி 10 இலட்சம் தடவை கர்ப்பமடைகிறார்கள் என்று 2019ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு சொல்கிறது. அவற்றில் ஏறத்தாழப் பாதி, அவர்கள் எதிர்பாராத கர்ப்பங்கள். எதிர்பாராத கர்ப்பங்களில் பாதிக்கும் மேல் கருக்கலைப்பில் முடிகின்றன. அந்தக் கலைப்புகளில் பல பாதுகாப்பற்றவை. கர்ப்பமடைய விரும்பாமலும் நவீன கருத்தடை முறை எதையும் பயன்படுத்தாமலும் இருக்கும் இந்த வயதுப் பெண்கள் சுமார் 1 கோடி 40 இலட்சம் பேர் எனக் கணக்கிடப்படுகிறது.

பிறப்பு வீதம் வசதியான அளவுகோல்தான். ஆனால் அது பிறப்புகளை மட்டுமே எண்ணுகிறது. கலைக்கப்பட்ட கர்ப்பம் அதில் இல்லை. தொற்றிய நோய் இல்லை. சம்மதமில்லாமல் நடந்தது இல்லை. பயத்தில் கழிந்த மாதங்களும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நாடுகளைப் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்து: வீட்டுக்குள் பேசப்பட்ட விடயம்

உலகிலேயே மிகக் குறைந்த பதின்ம வயதுப் பிறப்பு வீதம் உள்ள நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. 1000க்கு மூன்றுக்கும் கீழே. அங்கே பாலியல் பற்றிய கல்வி ஆரம்பப் பாடசாலையிலேயே தொடங்குகிறது என்றதும் எங்களில் பலர் முகம் சுளிப்போம். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே சொல்லிக் கொடுப்பது உடலுறவைப் பற்றியல்ல. உடம்பின் பாகங்களுக்குச் சரியான பெயர், யார் தொடலாம் யார் தொடக்கூடாது, பிடிக்காவிட்டால் எப்படிச் சொல்வது என்பவைதான். வயது ஏற ஏறப் பாடமும் வளர்கிறது. 2012 முதல் இது பாடசாலைகளுக்குக் கட்டாயம். 21 வயது வரை அடிப்படை மருத்துவக் காப்புறுதியே கருத்தடைச் செலவை ஏற்கிறது.

அந்த நாட்டு இளைஞர்களிடம் ஊக்குவிக்கப்படும் பழக்கம் ஒன்று உண்டு. பெண் மாத்திரை எடுப்பாள், ஆண் ஆணுறை அணிவான். ஒன்று கர்ப்பத்துக்கு, மற்றது நோய்க்கு. பொறுப்பு இருவருக்கும் என்பது இதன் உட்பொருள்.

இப்படி வெளிப்படையாகப் பேசினால் பிள்ளைகள் இன்னும் சீக்கிரம் கெட்டுப்போவார்கள் என்பதுதானே எங்கள் பயம்? 25 வயதுக்குட்பட்டோரிடம் அந்த நாட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஆய்வு நடத்தப்படுகிறது. பாதிப் பேர் முதல் உடலுறவை அனுபவித்திருக்கும் வயது 2012இல் 17.1 ஆக இருந்தது. 2017இல் அது 18.6 ஆக உயர்ந்திருந்தது. கல்விதான் இதற்கு ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பயந்தது நடக்கவில்லை என்று சொல்லலாம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது: முழுமையான பாலியல் கல்வி பிள்ளைகளின் பாலியல் செயற்பாட்டைக் கூட்டுவதில்லை.

அமெரிக்க, டச்சுப் பெற்றோரிடம் நேர்காணல் செய்து சமூகவியலாளர் எமி ஷாலெட் 2011இல் எழுதிய நூல் இந்த இரு நாடுகளின் வேறுபாட்டை வீட்டுக்குள் தேடுகிறது. ஓரளவு வளர்ந்த பிள்ளையின் காதலனோ காதலியோ இரவு தங்குவதைப் பற்றி டச்சுப் பெற்றோரால் சாப்பாட்டு மேசையில் பேச முடிகிறது. அமெரிக்கப் பெற்றோருக்கு அது நினைத்துப் பார்க்க முடியாதது. எங்கள் வீடுகளுக்கு டச்சு வழி பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பொருந்தாது. ஆனால் தான் செய்ததைத் தாயிடம் சொல்ல முடிந்த பிள்ளைதான், தவறு நடந்தாலும் தாயிடம் வரும்.

இங்கிலாந்து: வழக்குமன்றத்தில் ஒரு தாய்

இங்கிலாந்தின் கதை வேறு. 16 வயதுக்குட்பட்ட பெண்ணுக்குப் பெற்றோருக்குத் தெரியாமல் வைத்தியர் கருத்தடை ஆலோசனை வழங்கலாம் என்று 1980இல் சுகாதாரத் திணைக்களம் சுற்றறிக்கை விட்டது. பத்துப் பிள்ளைகளின் தாயான விக்டோரியா கிலிக் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். அவருக்கு ஐந்து பெண்பிள்ளைகள். அவருடைய கவலை ஒரு தாயின் நியாயமான கவலைதான். 1985இல் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சொல்லப்படும் ஆலோசனையை முழுமையாகப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி ஒரு பிள்ளைக்கு இருந்தால், வைத்தியர் அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு செயற்படலாம். தோற்ற அந்தத் தாயின் பெயராலேயே இந்த விதி இன்றும் "கிலிக் தகைமை" என்று உலகெங்கும் அழைக்கப்படுவது ஒரு விசித்திரம்.

சட்டம் வழிவிட்டும், அந்த நாட்டின் பதின்ம வயதுக் கர்ப்பம் மேற்கு ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்ததாகத் தொடர்ந்தது. 1998இல் 15 முதல் 17 வயது வரையான 1000 பெண்களுக்குச் சுமார் 47 கர்ப்பங்கள். மறு ஆண்டு டொனி பிளேயர் அரசாங்கம் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஒவ்வொரு உள்ளூராட்சிப் பகுதிக்கும் பொறுப்பாளர் ஒருவர், பாடசாலைகளில் பாலியல் கல்வி, இளைஞர்கள் கூச்சப்படாமல் வரக்கூடிய சிகிச்சை நிலையங்கள், ஏற்கனவே தாயாகிவிட்ட பிள்ளைகளைப் படிப்புக்குத் திருப்பும் உதவி. 2010க்குள் வீதத்தைப் பாதியாக்குவது இலக்கு. அந்தத் தவணைக்குள் இலக்கு எட்டப்படவில்லை. எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் கேலி செய்தன. ஆனால் இறக்கம் நிற்கவில்லை. 2014இல் வீதம் 23 அளவு, 2020இல் 13 அளவு. பத்தாண்டில் வரும் என்று எதிர்பார்த்த பாதி பதினைந்து ஆண்டில் வந்தது. தேர்தல் கால அட்டவணைக்குள் அடங்கும் வேலையல்ல இது.

அமெரிக்கா: விரதத்துக்கு ஒதுக்கிய பணம்

ஐக்கிய அமெரிக்கா 1996இல் எதிர்த்திசையில் போனது. திருமணம் வரை உடலுறவைத் தவிர்ப்பது ஒன்றே வழி என்று மட்டும் கற்பிக்கும் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 5 கோடி டொலரை மத்திய அரசு சட்டத்தின் மூலம் ஒதுக்கியது. கருத்தடை பற்றிப் பேசுவதென்றால், அது எப்படித் தோல்வியடையும் என்று மட்டுமே பேசலாம் என்ற நிலை. அந்தத் திட்டங்களில் நான்கை எடுத்து, கொங்கிரஸ் கேட்டுக்கொண்டதன்படி நடத்தப்பட்ட நீண்டகால ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. திட்டத்தில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் உடலுறவு கொண்டிருக்கவில்லை. திட்டத்தில் இல்லாத பிள்ளைகளிலும் அதே பாதிப் பேர். உடலுறவு கொண்டிருந்தவர்களின் முதல் அனுபவத்தின் சராசரி வயது இரு தரப்பிலும் 14.9. எந்த மாற்றமும் இல்லை.

கன்னிமை காப்பதாகச் சத்தியம் செய்துகொடுத்த பிள்ளைகள் பற்றிய இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவாரஸ்யமானது. அவர்களில் ஒரு பகுதியினர் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பதினெட்டு மாதம் பிந்தியே உடலுறவைத் தொடங்கினார்கள். அதாவது சத்தியத்துக்குப் பலன் இருந்தது. ஆனால் அதை மீறிய அன்று அவர்களிடம் ஆணுறை இருக்கவில்லை. சத்தியம் செய்தவர் ஆணுறை வாங்கி வைப்பதில்லை அல்லவா.

அமெரிக்காவில் 1991இல் 1000க்கு 61.8 ஆக இருந்த பதின்ம வயதுப் பிறப்பு வீதம் 2022இல் 14க்கும் கீழே போய்விட்டது. 1995க்கும் 2002க்கும் இடைப்பட்ட வீழ்ச்சியைப் பகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அதில் 86 சதவீதம் கருத்தடைப் பயன்பாடு மேம்பட்டதால் வந்தது என்றார்கள். மீதிதான் உடலுறவைத் தள்ளிப்போட்டதால் வந்தது.

ஜப்பான்: குறைந்த எண், குறைந்த அறிவு

இதுவரை சொன்னதை வைத்து, கல்வி நல்லதென்றால் எண் குறையும், எண் குறைந்திருந்தால் கல்வி நல்லது என்று முடிவெடுத்தால் தவறிவிடுவோம். ஜப்பானின் பதின்ம வயதுப் பிறப்பு வீதமும் நெதர்லாந்தைப் போல மிகக் குறைவு. ஆனால் அங்கே பாடவிதானத்தில் கருக்கட்டல் வரை நடப்பதைக் கற்பிக்கத் தேவையில்லை என்று ஒரு வரி பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. முட்டையும் விந்தும் சேர்ந்தால் கரு என்று சொல்லலாம். அவை எப்படிச் சேர்கின்றன என்பதற்குப் போகக்கூடாது. அந்த நாட்டுக்காரர்களே இதைக் கடிவாள விதி என்ற பொருளில் கேலியாகக் குறிப்பிடுகிறார்கள். கருத்தடை மாத்திரை அங்கே 1999 ஜூனில்தான் அனுமதி பெற்றது. அதே ஆண்டு ஜனவரியில் வயகராவுக்கு விண்ணப்பித்த சில மாதங்களிலேயே அனுமதி கிடைத்திருந்தது. மாத்திரைக்கான காத்திருப்பு முப்பது ஆண்டுகளுக்கும் மேல்.

பிந்திய திருமணம், நீண்ட படிப்பு, ஒதுக்கமான வாழ்க்கை, சட்டபூர்வமாகக் கிடைக்கும் கருக்கலைப்பு எல்லாம் சேர்ந்து பிறப்பைக் குறைத்திருக்கின்றன. நோய் அப்படி மறையவில்லை. 2022இல் அங்கே மேகநோய் எனப்படும் சிபிலிஸ் தொற்று 10,000 பேரைத் தாண்டியது. ஜப்பானை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்கு வரும்போது தேவைப்படும்.

திருமணத்துக்குள் இருக்கும் பிள்ளைகள்

பதின்ம வயதுக் கர்ப்பம் என்றதும் காதல், கள்ள உறவு என்றே எங்கள் கற்பனை ஓடுகிறது. உலகக் கணக்கில் பெரும்பகுதி அதுவல்ல. தாலியோ, நிக்காஹ்வோ முடிந்த பிள்ளைகள்தான் கூடுதலாகக் கர்ப்பமாகிறார்கள். பங்களாதேஷின் கருத்தடைத் திட்டம் உலகம் மெச்சியது. வீடு வீடாக மாத்திரை கொண்டுபோன பெண் ஊழியர்களால் அந்த நாட்டின் பிள்ளைப்பேறு வீதம் பல மடங்கு இறங்கியது. ஆனால் 15 முதல் 19 வயதினரின் பிறப்பு வீதம் 2022 ஆய்விலும் 1000க்கு 90க்கு மேல். 20 முதல் 24 வயது வரையான பெண்களில் பாதிப் பேர் 18 வயதுக்கு முன் திருமணமானவர்கள். மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆனால் முதல் பிள்ளை பிறக்கும் வரை அதை எடுக்கும் உரிமை புது மருமகளுக்கு இல்லை.

இந்தியாவில் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி அந்த வயதுப் பெண்களில் 23 சதவீதமானோர் 18க்கு முன் மணமானவர்கள். அங்கே இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 2012இன் போக்சோ சட்டம் சம்மத வயதை 16இலிருந்து 18 ஆக்கியது. 18 வயதுக்குட்பட்ட கர்ப்பிணியைக் கண்டால் வைத்தியர் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம், பதினேழு வயதுக் காதலியை ஆஸ்பத்திரிப் பக்கமே போகவிடாமல் செய்தது. கருக்கலைப்புக்கு வரும் அந்த வயதுப் பெண்ணின் பெயரை வைத்தியர் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. தமிழ்நாட்டில் இன்னொரு புதிர்: அவசர கருத்தடை மாத்திரை இந்தியா முழுவதும் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்து. ஆனால் 2000களின் நடுப்பகுதியில் எழுந்த எதிர்ப்புக்குப் பின் அந்த மாநிலத்து மருந்துக் கடைகளில் அது கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. தடை என்று எழுதப்பட்ட சட்டம் எதுவுமில்லை.

தென்கிழக்காசியாவில் அருகருகே இரண்டு உதாரணங்கள். பிலிப்பைன்ஸ் 2012இல் இனப்பெருக்க சுகாதாரச் சட்டத்தை நீண்ட போராட்டத்துக்குப் பின் நிறைவேற்றியது. 18 வயதுக்குட்பட்டவருக்குக் கருத்தடை வேண்டுமானால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை, ஏற்கனவே பிள்ளை பெற்றவருக்கும் கருச்சிதைவு ஏற்பட்டவருக்கும் விலக்கு என்று அதில் இருந்தது. 2014இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த விலக்கையும் நீக்கியது. கையில் குழந்தையோடு நிற்கும் பதினாறு வயதுத் தாய்க்கும் தன் தாயின் கையெழுத்து வேண்டும். அந்த நாட்டில் 2022 மார்ச் வரை பாலியல் சம்மத வயது 12 என்பதையும் சேர்த்துப் படியுங்கள்: பன்னிரண்டு வயதில் சம்மதிக்கலாம், பதினேழு வயதில் மாத்திரை கேட்க முடியாது. தாய்லாந்து வேறு வழியில் போனது. 2010களின் தொடக்கத்தில் 1000க்கு 50ஐத் தாண்டிய அதன் வீதம், சுமார் பத்தாண்டில் பாதியளவாகக் குறைந்தது. 20 வயதுக்குட்பட்டோருக்குக் கையில் பொருத்தும் கருத்தடைக் குச்சி இலவசமாகக் கிடைத்தது. 2016இல் வந்த சட்டம், தகவல் அறிவதும் அந்தரங்கம் பேணப்படுவதும் பதின்ம வயதினரின் உரிமை என்றது. கர்ப்பமான மாணவியைப் பாடசாலையிலிருந்து நீக்குவதைத் தடுத்தது. சியரா லியோன் கர்ப்பிணி மாணவிகளுக்கான தடையை 2020இலும், தன்சானியா 2021இலும் நீக்கின என்பதை நினைத்தால் அது சாதாரண விதியல்ல என்று புரியும்.

முறைகள் பற்றிச் சில நேரடித் தகவல்

எங்கள் மொழியில் இவை பெரும்பாலும் கிசுகிசுப்பாகவே கிடைப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வயது குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தற்காலிகக் கருத்தடை முறையையும் மறுக்கத் தேவையில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. மூன்று மாத ஊசியை மட்டும், எலும்பு வளரும் வயது என்பதால், 18க்குக் கீழ் சற்று யோசித்துத் தெரிவு செய்யச் சொல்கிறார்கள். மாத்திரை எடுத்தால் பிறகு பிள்ளை பிறக்காது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. நிறுத்தியதும் கருவளம் திரும்பும். ஊசியில் மட்டும் திரும்பச் சில மாதம் பிந்தலாம்.

மனிதர்கள் வழமையாகப் பயன்படுத்தும் விதத்தில், அதாவது மறதியும் அவசரமும் சேர்ந்த நிலையில், ஓராண்டில் 100 பெண்களில் எத்தனை பேர் கர்ப்பமாகிறார்கள் என்று பார்த்தால்: வெளியே எடுத்துவிடும் முறையில் சுமார் 20, ஆணுறையில் 13, மாத்திரையில் 7, ஊசியில் 4, லூப்பில் ஒன்றுக்கும் குறைவு, கைக்குச்சியில் ஆயிரத்தில் ஒருவர் அளவு. மாத்திரை கெட்ட மருந்தென்பதால் அல்ல இந்த 7. பதினேழு வயதில் தினமும் ஒரே நேரத்தில், வீட்டாருக்குத் தெரியாமல், ஒளித்துவைத்து எடுக்க வேண்டியிருப்பதால்தான். நோயையும் தடுப்பது ஆணுறை ஒன்றுதான்.

அவசர மாத்திரை, கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல. அது முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது. கரு ஏற்கனவே பதிந்திருந்தால் அது வேலை செய்யாது, அந்தக் கருவுக்குத் தீங்கும் செய்யாது. 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

இலங்கையின் 21

இலங்கையின் எண் அழகானது. 2016 சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி 15 முதல் 19 வயதினரின் பிறப்பு வீதம் 1000க்குச் சுமார் 21. தெற்காசிய அயலவர்களோடு ஒப்பிட்டால் பெருமைப்படலாம். இலவசக் கல்வி, பெண்கள் நீண்டகாலம் படிப்பது, பிந்திய திருமணம், கிராமம் கிராமமாக நடந்த குடும்ப நல மாதர்கள் என்று இதற்குப் பின்னால் பல தலைமுறை உழைப்பு இருக்கிறது. குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கியது 1953இல். அதன் 'ப்ரீத்தி' ஆணுறை 1973 முதல் சில்லறைக் கடை வரை விற்கப்பட்டது. வடக்கையும் சேர்த்து நாடு முழுவதையும் உள்ளடக்கிய முதல் ஆய்வு என்ற வகையிலும் 2016 ஆய்வு முக்கியமானது.

ஆனால் அந்த ஆய்வு யாரிடம் கேள்வி கேட்டது என்று பாருங்கள். 15 முதல் 49 வயது வரையான, ஒரு தடவையாவது திருமணமான பெண்களிடம். மணமாகாத பெண் கேட்கப்படவில்லை. அவளுக்குப் பிறந்த பிள்ளையும் அந்த 21க்குள் இல்லை. கருத்தடை பயன்படுத்துவோர் 64 சதவீதம் என்று நாங்கள் மேற்கோள் காட்டுவதும் மணமான பெண்களின் கணக்குத்தான். குடும்ப நல மாதின் கையிலுள்ள பதிவேடும் அப்படியே: தகுதியுள்ள குடும்பங்கள். குடும்பமாகாதவளுக்கு அதில் பக்கமில்லை. அரசாங்கம் இளையோருக்கென்று 'யொவுன் பியச' நிலையங்களை நடத்துகிறது. அவை நல்ல முயற்சி. உங்கள் தெருவில் இருக்கும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் அது எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டம் இன்னொரு சுவர். தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவின்படி 16 வயதுக்குட்பட்ட பெண்ணோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும், பாலியல் வன்புணர்வு. வளர்ந்த ஆண்களிடமிருந்து பிள்ளைகளைக் காக்க இந்தச் சட்டம் வேண்டும். அதில் சந்தேகமில்லை. இருவரும் பதினைந்து, பதினேழு வயதுப் பிள்ளைகளாக இருக்கும்போது பையனின் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. ஆனால் வழக்கு வழக்குத்தான். அது தெரிந்த பெண், வைத்தியசாலைக்குப் போனால் அவன் மாட்டுவான் என்று பயந்து வயிறு தெரியும் வரை மறைக்கிறாள். அதே பிரிவிலேயே, பன்னிரண்டு வயதைத் தாண்டிய மனைவிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்ற விதிவிலக்கும் இருக்கிறது. பொதுவான திருமண வயதை 1995இல் 18 ஆக உயர்த்திய பிறகும், முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது இல்லாததால் அந்த வாசல் வெறும் காகிதமல்ல. கருக்கலைப்போ, தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி, 303ஆம் பிரிவின்படி குற்றம். வன்புணர்வுக்குள்ளான பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் விலக்கில்லை.

தமிழ்ப் பகுதிகளில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியில் ஆட்சேர்ப்பிலிருந்து காப்பாற்றப் பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகளுக்குக் கலியாணம் கட்டிவைத்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம் கருத்தடை பற்றிப் பேச அன்று யாருமில்லை. 2013இல் கிளிநொச்சியின் சில கரையோரக் கிராமங்களில் பெண்களுக்கு உரிய விளக்கமின்றிக் கைக்குச்சி பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. மலையகத் தோட்டங்களின் கருத்தடைச் சத்திரசிகிச்சைகள் பற்றிய கசப்பு அதைவிடப் பழையது. 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது சுமத்தப்பட்ட, நிரூபிக்கப்படாத பழியும் இதே நிலத்தில்தான் முளைத்தது. கருத்தடை என்றாலே எங்கள் இனத்தைக் குறைக்கும் வேலை என்று சனம் சந்தேகிப்பதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அந்தச் சந்தேகத்துக்கு மருந்து, சம்மதமும் விளக்கமும்தான். ஆனால் இன அரசியல் பேசும் நாங்கள், பதினாறு வயதுப் பெண்ணின் சம்மதத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

ஊடகக்காரர்களான எங்கள் பங்கும் சிறிதல்ல. "மாணவி கர்ப்பம், காதலன் கைது" என்று தலைப்பிட்டு, வயதையும் ஊரையும் பாடசாலையையும் போட்டு, பெயரை மட்டும் மறைத்துவிட்டு, நெறிமுறையைப் பேணியதாக நினைத்துக்கொள்கிறோம். ஊரில் அவளை அடையாளம் காண அதற்கு மேல் என்ன வேண்டும்? கிணற்றடியில் சிசு மீட்கப்பட்டால் தாயைத் தேடி எழுதுகிறோம். அந்தப் பிள்ளை ஒன்பது மாதம் எந்த வாசலைத் தட்டியிருக்க முடியும் என்று எழுதுவதில்லை. நானும் அப்படி எழுதியவள்தான், தொழிலுக்கு வந்த புதிதில்.

பாடசாலைப் பக்கம் ஒரு முயற்சி நடந்தது. ஏழாம் தரத்துக்கென்று 'ஹத்தே அபே பொத்த' என்ற துணை நூலைக் கல்வி அமைச்சு தயாரித்தது. பௌத்த பிக்குகளிடமிருந்து எதிர்ப்பு வந்ததும் அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. தமிழ்ப் பக்கத்தில் எதிர்ப்புக்கூட எழவில்லை. பெரும்பாலானோருக்கு அப்படியொரு புத்தகம் வந்ததே தெரியாது. இதற்கிடையே 2022இல் நாட்டில் புதிதாக எச்.ஐ.வி. தொற்று அறியப்பட்டோர் 607 பேர், அதற்கு முந்திய எந்த ஆண்டையும் விட அதிகம். ஜப்பானைப் பற்றிச் சொன்னதை இங்கே சேர்த்துப் பாருங்கள். பிறப்பு குறைவு, பேச்சும் குறைவு, தொற்று மட்டும் ஏறுகிறது.

ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். டியூஷன் முடிந்து வரும் வழியில் ஏதோ நடந்துவிட்டது, அவளுக்குப் பதினேழு. 72 மணித்தியாலம் செவ்வாய் மாலையோடு முடிந்துவிடும். ஞாயிறு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பூட்டு. திங்கள் காலை கிளினிக் இருந்தாலும் அந்த நேரம் அவள் சீருடையில் வகுப்பில் இருக்க வேண்டும். போனாலும், வாங்கிலில் உட்கார்ந்திருப்பவர்கள் அம்மாவுக்குத் தெரிந்த கர்ப்பிணிகள். பதிவு செய்யும் மாது அவள் வீட்டுக்குத் தடுப்பூசி அட்டை பார்க்க வந்தவர். மிச்சமிருப்பது சந்தியிலுள்ள பாமசி. கவுண்டரில் நிற்பவர் அப்பாவின் கூட்டாளி.